பர்மிஷன் சரி, ஆனாலும் 403

சர்வரில் ஒரு தளத்தை ஏற்றுகிறார்கள். வழக்கமான இடத்தில் வைக்காமல் ரூட்டுக்கு நேர்கீழே ‘/தளம்’ என்று தனி ஃபோல்டர் திறந்து, எல்லாக் கோப்புகளையும் அதில் காப்பி செய்கிறார்கள். அப்பாச்சியின் கான்ஃபிக்கில் புது இடத்தைக் குறித்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பிரௌசரைத் திறந்தால் 403. அனுமதி இல்லை. ஃபோல்டருக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று பர்மிஷன் கச்சிதமாக இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிக்கலாம். ஆத்திரத்தில் சிலர் 777 அடித்துப் பார்ப்பார்கள். அப்போதும் 403.

ஆர்எச்இஎல், ஃபெடோரா, ராக்கி, ஆல்மா என்று ரெட் ஹேட் வழிவந்த லினக்ஸில் வேலை செய்பவர்களில் இந்த இடத்தில் முட்டிக்கொள்ளாதவர் அபூர்வம். கேட்டால், பக்கத்து சீட்டுக்காரர் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: எஸ்இலினக்ஸை ஆஃப் பண்ணு. பண்ணினால் தளம் அந்த நொடியே வந்துவிடும். அதனால்தான் அந்த வைத்தியம் இத்தனை வருடமாகியும் வழக்கொழியவில்லை.

இந்த வகை லினக்ஸில் ஒரு பிராசஸ் ஒரு கோப்பைத் தொட வேண்டுமானால் இரண்டு கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். முதல் கேள்வி யூனிக்ஸ் பிறந்த காலத்திலிருந்து வருவது: நீ யார்? உரிமையாளரா, குழுவைச் சேர்ந்தவரா, வெளியாளா என்று பார்த்து, படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று சொல்லிவிடும். இந்த அனுமதியைத் தருவதும் எடுப்பதும் கோப்பின் உரிமையாளர் கையில். அவர் இன்று 600 என்று பூட்டலாம், நாளை 777 என்று திறந்துவிடலாம், கேட்பார் இல்லை.

இதில் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. ஒரு புரோகிராம் யாருடைய பெயரில் ஓடுகிறதோ, அவருடைய உரிமை முழுவதும் அதற்கு வந்துவிடுகிறது. அப்பாச்சியின் வேலை வலைப்பக்கங்களை எடுத்துக் கொடுப்பது. ஆனால் அந்தச் சர்வரில் ‘மற்றவர் படிக்கலாம்’ என்று விடப்பட்ட எதையும் அதனால் படிக்க முடியும். அப்படி விடப்பட்டவை சாதாரண சர்வரில் எத்தனை என்று ஒருமுறை தேடிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பேக்கப் ஸ்கிரிப்டுகள், யாரோ டெஸ்ட்டுக்கு எடுத்து வைத்து மறந்த டேட்டாபேஸ் டம்ப், பாஸ்வேர்டு எழுதிய பழைய கான்ஃபிக். அப்பாச்சியிலோ அதன் பின்னால் ஓடும் பிஎச்பி நிரலிலோ உள்ள ஓட்டை வழியாக ஒருவன் நுழைந்துவிட்டால், இவை அத்தனையும் அவனுக்குத் திறந்த வீடு.

இரண்டாவது கேள்வியை எஸ்இலினக்ஸ் கேட்கிறது: நீ என்ன வேலையாக வந்தாய், இந்தப் பொருள் எதற்காக இருக்கிறது? கல்யாண மண்டபத்தில் சமையல் மாஸ்டருக்கு ஸ்டோர் ரூம் சாவி உண்டு, மொய் எழுதும் மேசையில் வேலை இல்லை. அவர் மாப்பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், கரண்டி பிடித்து நிற்கும் வரை அவர் மாஸ்டர்தான். உறவு முதல் கேள்விக்கு விடை, வேலை இரண்டாவதற்கு. இரண்டுக்கும் சரியான விடை கிடைத்தால்தான் கெர்னல் கதவைத் திறக்கும். அதுவும் முதல் கேள்வி முதலில்தான். சாதாரண பர்மிஷனிலேயே தோற்றுப்போன கோரிக்கை எஸ்இலினக்ஸ் வரை போகவே போகாது, அதன் லாக்கில் ஒரு வரியும் விழாது. 403 வந்து, லாக்கிலும் எதுவும் இல்லை என்றால் முதலில் பழைய பர்மிஷனைத்தான் பார்க்க வேண்டும். பாதி நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பார். எஸ்இலினக்ஸுக்கு வீண் பழி.

வேலை எது, பொருள் எதற்கு என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கோப்பின் மீதும், ஒவ்வொரு பிராசஸின் மீதும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் எழுத்தைச் சேர்த்தால் அது தெரியும். வழக்கமான வலை ஃபோல்டரில் இருக்கும் பக்கத்துக்கு இப்படி வரும்:

சிஸ்டம்_யூ:ஆப்ஜெக்ட்_ஆர்:எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி:எஸ்0

முக்காற்புள்ளியால் பிரிந்த நான்கு பகுதிகள்: எஸ்இலினக்ஸ் யூசர், ரோல், டைப், லெவல். வலைத்தளம் நடத்துபவருக்கு மூன்றாவது பகுதி போதும். ‘டி’ என்று முடிவது டைப். இந்தக் கோப்பு வலை சர்வர் படித்துக் கொடுப்பதற்கான உள்ளடக்கம் என்று அது அறிவிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி பிராசஸைப் பார்த்தால் அதன் டைப் எச்டிடிபிடி_டி. பெயர் அப்பாச்சியுடையது என்றாலும் என்ஜின்எக்ஸுக்கும் பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம் சர்வீஸுக்கும் அதே டைப்தான்.

எச்டிடிபிடி_டி என்ற வேலையாள், எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி என்ற பொருளைத் திறக்கலாம், படிக்கலாம் என்று எஸ்இலினக்ஸின் விதித் தொகுப்பான பாலிசியில் ஒரு விதி எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதால் நடக்கிறது. எழுதாத எதுவும் நடக்காது. தடை என்று தனியாக ஒன்றைப் போட வேண்டியதில்லை.

நம்முடைய ‘/தளம்’ ஃபோல்டருக்கு வருவோம். ரூட்டுக்குக் கீழே புதிதாகத் திறந்த ஃபோல்டரைப் பற்றிப் பாலிசிக்கு எதுவும் தெரியாது. அதனால் டிஃபால்ட்_டி என்ற டைப் அதில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குள் காப்பி ஆன கோப்புகளும் தாய் ஃபோல்டரைப் பார்த்து அதையே வாங்கிக்கொள்கின்றன. எச்டிடிபிடி_டி இந்த டைப்பில் உள்ள கோப்புகளைப் படிக்கலாம் என்று விதி கிடையாது. எனவே 403.

ஆடிட் லாக்கைத் திறந்தால் ஏவிசி என்று தொடங்கும் ஒரு நீண்ட வரி இருக்கும். அதைக் கண்டு மிரள்பவர்கள் பலர். உண்மையில் நான்கு சொற்களைப் பிடித்தால் போதும். ‘டினைடு’ என்பதை அடுத்து நெளி அடைப்புக்குள் ‘கெட்ஆட்டர்’ என்று இருக்கும்: கோப்பைப் பற்றிய விவரம் கேட்டது, கிடைக்கவில்லை. ‘காம்’ என்ற இடத்தில் எச்டிடிபிடி: கேட்டவர். ‘எஸ்கான்டெக்ஸ்ட்’ கேட்டவரின் லேபிள், அதில் எச்டிடிபிடி_டி. ‘டிகான்டெக்ஸ்ட்’ கேட்கப்பட்ட பொருளின் லேபிள், அதில் டிஃபால்ட்_டி. யார், எதை, என்ன செய்யப் போனார் என்பது ஒரே வரியில் வந்துவிட்டது. அப்பாச்சியின் சொந்த எரர் லாக் ‘பர்மிஷன் டினைடு’ என்று மட்டும் சொல்லி ஆளைச் சுற்றவிடும். இத்தனை தெளிவாகப் பேசும் லாக் லினக்ஸில் வேறு அதிகம் இல்லை என்பேன்.

லேபிள் எங்கே இருக்கிறது என்பது அடுத்துத் தெரிய வேண்டியது. அது கோப்பின் பெயரிலோ பாதையிலோ இல்லை. கோப்புடனேயே டிஸ்க்கில், கூடுதல் பண்பு ஒன்றாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. உபுன்டுவில் வரும் ஆப்ஆர்மர் இதற்கு மாறாகப் பாதையை வைத்தே முடிவெடுக்கும். கோப்போடு ஒட்டியிருப்பதால் வரும் விளைவு, எம்வி கட்டளைக்கும் சிபி கட்டளைக்கும் நடுவில் தெரிகிறது. ஒரு டெவலப்பர் தன் ஹோம் ஃபோல்டரில் பக்கத்தைத் தயாரித்து, அதை எம்வி மூலம் வலை ஃபோல்டருக்கு நகர்த்துகிறார். கோப்பு இடம் மாறுகிறது, லேபிள் மாறுவதில்லை. யூசர்_ஹோம்_டி என்ற பழைய அடையாளத்தோடு அது வலை ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும். அருகில் உள்ள ஐம்பது பக்கங்கள் வரும், இது மட்டும் 403. சிபி செய்திருந்தால் புதுக் கோப்பு உருவாகிப் புது இடத்தின் லேபிளை வாங்கியிருக்கும். ‘நேற்று ஏற்றிய பக்கம் மட்டும் வரவில்லை’ என்று யாராவது சொன்னால், எம்வி செய்தீர்களா என்று கேட்பதே முதல் விசாரணை.

சரிசெய்ய இரண்டு வழிகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒன்றை வழி என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது சிஎச்கான். கோப்பின் மேல் நேரடியாக லேபிளை மாற்றி எழுதுகிறது. தளம் வந்துவிடும், ரீபூட் செய்தாலும் நிற்கும். பிறகொரு நாள் யாரோ ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காக லேபிள்களைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டுவார். பாலிசியின் கணக்குப்படி அந்த இடம் இன்னும் டிஃபால்ட்_டி. எல்லாம் பழையபடி ஆகி, யாரும் எதையும் மாற்றாத ஒரு காலையில் தளம் விழும். சோதித்துப் பார்க்க சிஎச்கான் நல்லது. அதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

சரியான வழியில் இரண்டு படிகள். எந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. செமேனேஜ் கருவியின் எஃப்கான்டெக்ஸ்ட் பிரிவு அதில் புது வரி சேர்க்கிறது. பாதை என்ற இடத்தில் ‘/தளம்(/.*)?’ என்று கொடுக்க வேண்டும். வால் பகுதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சாய்கோடும் அதற்குப் பின் என்ன வந்தாலும் சரி என்பது அடைப்புக்குள். அந்த அடைப்பே இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்பது கடைசிக் கேள்விக்குறி. ஆக, ஃபோல்டரும் அதற்குள் எத்தனை ஆழத்தில் எது இருந்தாலும் அதுவும் இந்த வரியில் அடங்கும். வாலை விட்டுவிட்டு வெறும் ‘/தளம்’ என்று கொடுத்தால் ஃபோல்டருக்கு மட்டும் லேபிள் மாறும், உள்ளே இருப்பவை அப்படியே கிடக்கும்.

பதிவேட்டில் எழுதியதால் டிஸ்க்கில் எதுவும் மாறிவிடவில்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். செமேனேஜ் அடித்துவிட்டு, தளத்தைப் பார்த்து, வரவில்லை என்று எஸ்இலினக்ஸைத் திட்டுவார்கள். அடுத்து ரெஸ்டோர்கான் ஓட்ட வேண்டும். அது பதிவேட்டைப் படித்து, ஒவ்வொரு கோப்பின் லேபிளையும் அதற்கு ஒப்பாக மாற்றும். பெரிய ஆர், சின்ன வி இரண்டும் சேர்த்தால் உள்ளே புகுந்து, மாற்றியதையெல்லாம் திரையில் காட்டும். சின்ன என் சேர்த்தால் எதையும் தொடாமல், என்ன மாறும் என்று மட்டும் சொல்லும். லைவ் சர்வரில் அதை முதலில் ஓட்டிப் பார்ப்பது கை கழுவுவது மாதிரிப் பழகிப்போக வேண்டும்.

செமேனேஜுக்கு இன்னொரு முகம் உண்டு, பலருக்குத் தெரியாது. ‘/தளம்’ என்பதை ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ’ போலவே நடத்து என்று ஒரே வரியில் சமன் செய்துவிடலாம். வழக்கமான வலை ஃபோல்டருக்குப் பாலிசியில் ஏற்கெனவே எழுதிவைத்த விதிகள் அத்தனையும், சிஜிஐ ஃபோல்டருக்கான தனி லேபிள் உட்பட, புது இடத்துக்கும் பொருந்திவிடும். தளத்தையே வேறு டிஸ்க்குக்கு மாற்றுபவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

கட்டளைகள் இவ்வளவுதான்; ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். உழைப்பு வேறிடத்தில் இருக்கிறது. எந்த ஃபோல்டருக்கு எந்த லேபிள் என்று முடிவெடுக்க, அந்தத் தளம் எங்கே படிக்கிறது, எங்கே எழுதுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் அதைக் கட்டியவருக்கே அது தெரியாது.

வேர்ட்பிரஸை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி நிரல். வலை சர்வர் படித்தால் போதும், எழுத வேண்டியதில்லை. படம் ஏற்றும் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் மட்டும் அது எழுதியாக வேண்டும். கேஷ் பிளக்இன் இருந்தால் அதற்கும் ஓரிடம். ஆகவே முழுத் தளத்துக்கும் படிக்கும் லேபிள், அப்லோட்ஸுக்கு மட்டும் எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி. நடுவில் வரும் ஆர்டபிள்யூ எழுதும் உரிமையைக் குறிக்கிறது. இப்படி வைத்தவுடன் ஓர் எதிர்ப்பு வரும். நிர்வாகத் திரையில் இருக்கும் அப்டேட் பட்டன் வேலை செய்யாது. நிரல் தன்னைத்தானே மாற்றி எழுதப் பார்க்கிறது, எஸ்இலினக்ஸ் விடாது. உடனே முழுத் தளத்துக்கும் எழுதும் லேபிளைக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டன் வேலை செய்யும். நுழைந்தவனுக்கும் அதே வசதி கிடைக்கும்: உள்நுழைவுப் பக்கத்தின் நிரலிலேயே நான்கு வரி சேர்த்துவிட்டு, வருகிறவர்களின் பாஸ்வேர்டையெல்லாம் சேகரிக்கலாம். அப்டேட்டைக் கட்டளை வரியில், வலை சர்வருக்கு வெளியே, நிர்வாகியின் கணக்கில் ஓட்டுவது கொஞ்சம் சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்பதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் அவசரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை யாராவது மறக்காமல் ஓட்டவும் வேண்டும். ஓட்ட ஆள் இல்லாத சிறு தளத்துக்குத் தானியங்கி அப்டேட்டே மேல் என்று வாதிடுபவர்களை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை.

லேபிள் சரியாக இருந்தால் அப்லோட்ஸ் ஃபோல்டர் பத்திரம் என்று நினைத்துவிடவும் கூடாது. ஒருவன் படம் என்ற பெயரில் பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? எழுதும் லேபிள் இருக்கும் இடத்தில் அந்தக் கோப்பு ஓடாது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. பிஎச்பியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பை இயக்குவது என்பது அதைப் படிப்பதுதான். இன்டர்பிரெட்டர் ஏற்கெனவே எச்டிடிபிடி_டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது கோப்பைப் படித்து, அதில் சொன்னதைச் செய்கிறது. கோப்பின் மீது இயக்கும் உரிமை தேவைப்படுவது தனியாக ஓடும் சிஜிஐ ஸ்கிரிப்டுகளுக்கு. அவற்றுக்குத்தான் தனி லேபிள். அப்லோட்ஸுக்குள் பிஎச்பி ஓடக்கூடாது என்பதை அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில்தான் எழுத வேண்டும். எஸ்இலினக்ஸ் அதைச் செய்து தராது.

அது செய்து தருவது அதற்கு அடுத்த கட்டத்தில். ஏற்றிய பிஎச்பி ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓடினாலும் அது எச்டிடிபிடி_டிதான். தளத்தின் மற்ற நிரலை மாற்ற முடியாது. அங்கே படிக்கும் லேபிள். ஹோம் ஃபோல்டர்களுக்குள் போக முடியாது. தற்காலிக ஃபோல்டரில் ஒரு புரோகிராமை இறக்கி அங்கிருந்தே இயக்கவும் முடியாது. அதற்கென்று உள்ள சுவிட்ச் இயல்பில் அணைந்தே இருக்கிறது. வெளியே வேறொரு சர்வரைத் தொடர்புகொண்டு கட்டளை வாங்கப் பார்த்தால் அதற்கும் சுவிட்ச் உண்டு: எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட். இதுவும் இயல்பில் ஆஃப். பூலியன் என்று சொல்லப்படும் இந்த சுவிட்சுகளில் டேட்டாபேஸ் இணைப்புக்கு ஒன்று, மெயில் அனுப்ப ஒன்று என்று தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தளம் வேறொரு சர்வரில் உள்ள டேட்டாபேஸோடு பேச வேண்டும் என்றால், டேட்டாபேஸுக்கான சுவிட்சைப் போட்டால் போதும். அது தெரியாமல் பொதுவானதைப் போட்டால் வேலை நடக்கும், கூடவே கொல்லைக் கதவும் திறக்கும்.

நடந்த சம்பவம் ஒன்று. 2021 அக்டோபர் 5 அன்று அப்பாச்சியின் 2.4.49 பதிப்பில் ஓர் ஓட்டை வெளியானது. சிவிஇ-2021-41773 என்பது அதன் எண். முகவரியில் புள்ளிகளைக் குறியாக்கி அனுப்பினால், தளத்தின் ஃபோல்டரைத் தாண்டி மேலே ஏறிப்போய், கான்ஃபிக்கில் தடுக்காமல் விட்ட வேறு கோப்புகளைப் படிக்கலாம். அவசரமாக வந்த 2.4.50 அதைச் சரியாக அடைக்கவில்லை. இரண்டே நாளில், அக்டோபர் 7 அன்று, 2.4.51 வந்தது. லேபிள் சோதனை இருந்த சர்வரில் இதனால் என்ன கிடைத்திருக்கும்? சர்வரின் யூசர் பெயர்ப் பட்டியல் கிடைத்திருக்கும். அந்தக் கோப்பைப் படிக்க எச்டிடிபிடி_டிக்கு அனுமதி உண்டு, அது இல்லாமல் பல சாதாரண வேலைகள் நடக்காது. ஆனால் யாரோ ஹோம் ஃபோல்டரில் 644 பர்மிஷனோடு மறந்து வைத்த டம்ப், டேட்டாபேஸின் சொந்தக் கோப்புகள் எல்லாம் வேறு டைப். பாதை சரியாக இருந்தும் கைக்கு எட்டாது.

இதிலும் ஒரு வால் உண்டு. ஆர்எச்இஎல் 8 தந்தது பழைய 2.4.37, அதில் இந்த ஓட்டை இல்லை. புதுப் பதிப்பு வேண்டும் என்று மூல நிரலை இறக்கித் தாமே கம்பைல் செய்து, ‘லோக்கல்’ ஃபோல்டருக்குள் நிறுவியவர்களும் இருந்தார்கள். அப்படி நிறுவிய அப்பாச்சியின் இயங்கு கோப்பில் எச்டிடிபிடி_எக்ஸெக்_டி என்ற லேபிள் இருக்காது. சிஸ்டம்டி அதைத் தொடங்கும்போது அது எச்டிடிபிடி_டிக்குள் நுழையாமல், கட்டுப்பாடு இல்லாத சர்வீஸாக ஓடும். எஸ்இலினக்ஸின் நிலையைச் சொல்லும் கெட்என்ஃபோர்ஸ் கட்டளையை அடித்தால் ‘என்ஃபோர்சிங்’ என்றுதான் காட்டும். ஆனால் அந்த அப்பாச்சிக்குக் காவல் கிடையாது. எல்எஸ்ஸுக்குச் சேர்த்த அதே பெரிய இசட்டைப் பிஎஸ் கட்டளையோடும் சேர்த்து, பிராசஸ் எந்த டைப்பில் ஓடுகிறது என்று பார்க்காதவரை இது தெரியவே தெரியாது.

இத்தனை நுணுக்கமான ஏற்பாடு வலைத்தளங்களுக்காகப் பிறந்தது அல்ல. 1970களில் அமெரிக்க ராணுவத்துக்கு இருந்த கவலை, ரகசியம், அதிரகசியம் என்று அடுக்கடுக்காக இருக்கும் ஆவணங்கள் கீழே கசியக்கூடாது என்பது. அதற்கு 1973இல் பெல், லபடுலா இருவரும் ஒரு கணித மாதிரி கொடுத்தார்கள். மேலதிகாரி, கீழதிகாரி என்ற அடுக்கு இல்லாத இடங்களில், ஒரு வலை சர்வர் மாதிரியான இடத்தில், அது அவ்வளவாக உதவாது. 1985இல் போபர்ட், கெய்ன் இருவரும் முன்வைத்த டைப் சார்ந்த கட்டுப்பாடு, எந்த வேலை எந்தப் பொருளைத் தொடலாம் என்று அட்டவணை போட்டது. இன்று நாம் பார்க்கும் ‘_டி’க்களின் மூதாதை அதுதான். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ, யூட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஃபிளாஸ்க் கட்டமைப்பு வழியாக அது லினக்ஸுக்கு வந்தது. 2000 டிசம்பரில் என்எஸ்ஏ எஸ்இலினக்ஸ் நிரலைப் பொதுவில் வெளியிட்டது. 2003இல் 2.6 கெர்னலின் சோதனைப் பதிப்பில் சேர்ந்தது. 2013இல் ஸ்நோடன் விவகாரம் வெடித்தபோது, உளவு அமைப்பு எழுதியதை நம்பலாமா என்ற கேள்வி பலமாக எழுந்தது. நியாயமான கேள்விதான். இருபதாண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்கப் பலர் படித்து, திருத்தி, மாற்றி எழுதிய திறந்த நிரல் என்பதே அதற்கு இருக்கும் பதில். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் போன்களில் அது முழுமையாகக் கட்டாயமாயிற்று. சர்வரில் அதை ஆஃப் செய்பவரின் பாக்கெட்டிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆஃப் செய்வதில் ஆபத்து இன்னொன்றும் இருக்கிறது. முழுதாக அணைத்துவிட்டால் அந்தக் காலத்தில் பிறக்கும் கோப்புகளுக்கு லேபிளே ஒட்டாது. ஆறு மாதம் கழித்து ஆடிட்காரர் கேட்கிறார் என்று திரும்பவும் போட்டால், லேபிள் இல்லாத கோப்புகளால் சர்வீஸ்கள் வரிசையாக விழும். சமயத்தில் சர்வர் பூட் ஆவதே சந்தேகம். முழு டிஸ்க்கையும் மறுபடி லேபிள் செய்ய வேண்டும், கோப்புகள் நிறைய இருந்தால் அது நெடுநேரம் இழுக்கும். தடையை எடுத்துவிட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பெர்மிசிவ் நிலை இருக்கிறது: எதையும் தடுக்காது, தடுத்திருக்கக்கூடியதை லாக்கில் எழுதும், லேபிள்களையும் ஒட்டிக்கொண்டே போகும். அதிலும் முழுச் சர்வரையும் விடாமல் எச்டிடிபிடி_டியை மட்டும் அந்த நிலைக்குத் தள்ள செமேனேஜில் வசதி உண்டு.

ஆடிட்2அலோ என்ற கருவியையும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். லாக்கில் தடுக்கப்பட்டதையெல்லாம் படித்து, அவற்றை அனுமதிக்கும் விதிகளை அதுவே எழுதித் தரும். ‘/தளம்’ விஷயத்தில் அதை ஓட்டினால் என்ன கிடைக்கும்? எச்டிடிபிடி_டி இனி டிஃபால்ட்_டியைப் படிக்கலாம் என்று ஒரு விதி. அந்தத் தளம் வந்துவிடும். கூடவே பாலிசிக்கு அடையாளம் தெரியாத எல்லா ஃபோல்டர்களும், ரூட்டுக்குக் கீழே யாரோ திறந்து வைத்த பேக்கப் இடம் உட்பட, வலை சர்வருக்குத் திறந்துவிடும். தவறான லேபிளைத் திருத்துவதற்குப் பதில் விதியைத் தவறாக்குகிற வேலை இது. விதி உண்மையிலேயே போதாத இடங்கள் உண்டு. வலைத்தளங்களில் அவை மிகக் குறைவு.

இப்போது தளங்கள் கன்டெய்னருக்குள் போய்விட்டதால் சிலருக்கு இதெல்லாம் பழங்கதை போலத் தோன்றும். லேபிள் அங்கேயும் துரத்தி வருகிறது. கன்டெய்னருக்குள் ஓடும் பிராசஸ் படிக்க வேண்டுமானால் கோப்பின் டைப் பொதுவாகக் கன்டெய்னர்_ஃபைல்_டி ஆக இருக்க வேண்டும். பாட்மேனிலோ டாக்கரிலோ ஃபோல்டரை இணைக்கும்போது கடைசியில் பெரிய இசட் சேர்த்தால், அந்த ஃபோல்டர் முழுவதையும் அந்த டைப்புக்கு மாற்றி, இந்தக் கன்டெய்னருக்கு மட்டும் என்று தனி வகை எண்களையும் லெவல் பகுதியில் போட்டுவிடும். ஹோம் ஃபோல்டர் போன்ற ஆபத்தான இடங்களுக்கு அந்தக் கருவிகள் இப்போது மறுத்துவிடுகின்றன. உங்கள் ‘/தளம்’ அந்தப் பட்டியலில் இல்லை. அதே ஃபோல்டரிலிருந்து சர்வரின் சொந்த என்ஜின்எக்ஸும் படங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தால், கன்டெய்னர் எழுந்த நொடியில் அங்கே 403 தொடங்கும். ரெஸ்டோர்கான் அடித்தால் சரியாகிவிடும் என்று அடித்துப் பார்த்தால் ஒன்றும் மாறாது. கன்டெய்னர்_ஃபைல்_டி என்பது நிர்வாகி வேண்டுமென்றே வைத்த லேபிள் என்று கருதப்படும் வகையைச் சேர்ந்தது. பெரிய எஃப் சேர்த்து வற்புறுத்தினால்தான் ரெஸ்டோர்கான் அதைத் தொடும். தொட்டபின் கன்டெய்னர் பக்கம் படுத்துவிடும். படங்களை யார் கொடுப்பது, என்ஜின்எக்ஸா கன்டெய்னரா என்று ஒருவரைத் தீர்மானித்துவிட்டு, ஃபோல்டரை அவர் பெயரில் செமேனேஜ் பதிவேட்டில் எழுதிவிடுவதே அங்கே நல்ல வழி.